அப்பாவின் கத்தி தூங்கிவிட்டது

போன வருஷம் எங்கள் வாசகர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். உங்கள் கத்தியால் கடைசியாக எதை வெட்டினீர்கள்? பதில் எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் அட்டைப்பெட்டி என்றார்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று திருப்பிக் கேட்டேன். இன்னொரு கத்தி.

இதை அப்படியே வெளியிடலாம் என்றேன். ராய்ஸ் டக்கெட் தாடியை நீவிக்கொண்டு, "மார்லா, நாம விக்கிறது கத்தி இல்ல, தைரியம்" என்றான்.

ராய்ஸ் என் முதலாளி. கிங்மன் என்ற பாலைவன ஊரில் டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் 'கடைசிக் கதவு' என்ற வீடியோ சேனலையும் அதன் இணையதளத்தையும் நடத்துகிறான். பொத்தானை அழுத்தினால் தானே பாயும் கத்திகள், வீட்டைக் காப்பாற்றும் துப்பாக்கிகள், இரண்டையும் சோதித்து மதிப்பெண் போடுவது எங்கள் தொழில். ரசிகர்கள் அவனைச் 'சீஃப்' என்பார்கள். ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்தவன் இல்லை. இந்தச் சேனலுக்கு முன்னால் கார் காப்பீடு விற்றுக்கொண்டிருந்தான். அப்போதும் பயத்தைத்தான் விற்றான், தாடி மட்டும் கிடையாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா சரளைக்கல் லாரி ஓட்டுகிறார். அம்மா நெடுஞ்சாலை மோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிறாள். பத்திரிகைத் துறையில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவளுக்குக் கிடைத்த வேலை, ஒரு கத்தி எவ்வளவு ஆண்மையோடு திறக்கிறது என்று எழுதுவது. ஒவ்வொரு மதிப்பீட்டின் கடைசியிலும் 'நடைமுறைப் பயன்' என்று ஒரு கட்டம் வரும். அதை நிரப்புவது என் பொறுப்பு. நான் நிரப்புவேன், ராய்ஸ் வெட்டுவான், தானாகப் பாயும் கத்தி எதுவும் இல்லாமலே.

"திறந்த கதவு, திறந்த கல்லறை." இது அவன் தாரக மந்திரம். பனியனில் அச்சடித்து விற்றும் பார்த்துவிட்டான். எந்தக் கதவைத் தாண்டினாலும் அவன் கட்டைவிரல் தானாகப் போய்ப் பூட்டை அழுத்தும். எங்கள் கொட்டகையில் காபி வாங்க வெளியே போய்விட்டு, உள்ளே வர முடியாமல் வெயிலில் நிற்காதவர்கள் யாருமே இல்லை.

அவன் டிரக்கைக் கோட்டையாக மாற்றியிருந்தான். கண்ணாடிகளில் உள்பக்கமாகத் தடித்த பாதுகாப்புத் தாள். யார் அடித்தாலும் கண்ணாடி நொறுங்கும், ஆனால் விழாது. எஞ்சினுக்கு ஒரு திருட்டுத் தடுப்பு. ஓட்டுநர் கால்மிதிக்கு அடியில் மறைவாக ஒரு பொத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதை மிதிக்காவிட்டால் எஞ்சின் செத்துவிடும். இரண்டுக்கும் பத்துக்கு ஒன்பதரை கொடுத்தோம்.

அந்தத் தாளை வசந்தத்தில் ஒட்டியது நானும் அவனும்தான். கடைசியில் சுருள் தீர்ந்துபோனது. ஓட்டுநர் அறைக்குப் பின்னால், சரக்குத் தொட்டியைப் பார்த்தபடி இருக்கும் சிறிய கண்ணாடி மிஞ்சிவிட்டது. மதிப்பீட்டில் எழுதினேன்: "ஒரு கண்ணாடிக்குச் சுருள் போதவில்லை. பின்பக்கச் சிறு கண்ணாடி வெறுமையாகவே இருக்கிறது." ராய்ஸ் அதை வெட்டிவிட்டு, "எல்லா ஜன்னலும் இரும்புச் சுவர்" என்று போட்டான். என்னைத் திட்டினால் மறந்துவிடுவேன். என் வரியை வெட்டினால் மறக்க மாட்டேன்.

ஜூலை மாதம் 'கழுகு நகம்' என்ற கத்தியையும் 'இல்லக் காவலன்' என்ற துப்பாக்கியையும் சோதிக்க, ஊருக்கு வெளியே தண்ணீர் வற்றிய ஓடைப் படுகைக்குப் போனோம். ராய்ஸ், கேமராக்காரன் கோல்பி, நான். டிரக்கின் பின் இருக்கையில், குழந்தை நாற்காலியில் வார் போட்டுக் கட்டியபடி, ராய்ஸின் மூன்று வயது மகள் ப்ரின்லி.

"குழந்தைய எதுக்கு இந்த அடுப்புக்குள்ள கூட்டிட்டு வந்தீங்க?" என்றேன்.

"இவ அம்மா கார்லாவுக்குத் திடீர்னு ஆஸ்பத்திரி டியூட்டி. ஏசி ஓடுது, கார்ட்டூன் ஓடுது, ராணி மாதிரி உக்காந்திருக்கா. நான் நடுவுல வந்து பொத்தான மிதிச்சிக்கறேன். இந்த வேலையே நான் யாருக்காகச் செய்யறேன்? இவளுக்காகத்தானே?"

அவன் இறங்கிக் கதவைச் சாத்தினான். நாங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கினோம். படப்பிடிப்பில் கைபேசி கூடாது என்பது அவன் சட்டம், அதனால் எல்லார் கைபேசியும் டிரக்கிலேயே இருந்தது.

இல்லக் காவலனைப் பார்த்தால் துப்பாக்கி என்று சொல்ல மாட்டீர்கள். விளக்கு, லேசர், குறிபார்க்கும் கண்ணாடி, மடக்குக் கால், கைப்பிடிக்குக் கைப்பிடி, கூடவே பீர் பாட்டில் திறக்க ஒரு கொக்கி. கிறிஸ்துமஸ் மரத்துக்குத் தோள்பட்டை வைத்த மாதிரி இருந்தது. ஒட்டுப்பலகையில் ஒரு சமையலறைச் சுவர் செய்து வைத்திருந்தோம். அடுப்புப் பக்கத்தில் முகமூடி போட்ட திருடனை வரைந்திருந்தது. பக்கத்து மாநிலமான நெவாடாவிலிருந்து முட்டை பொரிக்க வந்தவன் போல நின்றான்.

ராய்ஸ் உருண்டான், எழுந்தான், "என் வீட்ட விட்டு வெளிய போ!" என்று ஓடைப் படுகையைப் பார்த்துக் கத்தினான். சுட்டான். திருடன் நெஞ்சில் சரியாக ஓட்டை.

சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்த கோல்பி சிரிக்க ஆரம்பித்தான். "சீஃப், திருடனும் செத்தான், தர்பூசணியும் செத்துது."

"அங்க தர்பூசணிய யார் வெச்சது?"

"நான்தான்" என்றேன். "அடுத்த ரூம்ல குழந்தை படுத்திருந்தா என்ன ஆகும்னு பார்க்க வெச்சேன். குண்டு திருடனத் தாண்டி, சுவரத் தாண்டி, அதுக்குள்ளயும் பூந்து போயிருக்கு."

ராய்ஸ் முகம் கறுத்தது. "நடைமுறைப் பயன் எழுதச் சொன்னேனா, சாபம் விடச் சொன்னேனா? கோல்பி, அத வெட்டிடு."

"வெட்டியாச்சு சீஃப்."

"தர்பூசணியையா?"

"படத்தைச் சொன்னேன். தர்பூசணிய நாம சாப்பிடலாம்."

அப்புறம் கத்தி. காற்றில் அதைப் பாயவைத்துப் பாயவைத்துக் கோல்பி படம் எடுத்தான். டக் என்று வெளியே, டக் என்று உள்ளே. நான் காதடைப்பானைக் கழற்றினேன். பாலைவனத்தில் ஒரு சத்தம் எப்போது வருகிறது என்று கவனிக்க மாட்டோம், நின்றால்தான் உறைக்கும். டிரக் எஞ்சின் ஓடவில்லை.

"ராய்ஸ், பொத்தான மிதிச்சீங்களா?"

அவன் கையில் கத்தி அரைப் பாய்ச்சலில் நின்றது. மூவரும் மேட்டில் ஏறி ஓடினோம்.

கதவு பூட்டியிருந்தது. நான்கு கதவும். உள்ளே சாவி, ஸ்டியரிங் பக்கத்துத் துளையிலேயே தொங்கியது.

"யார் பூட்டினது?" என்றான் ராய்ஸ்.

நானும் கோல்பியும் அவன் கையைப் பார்த்தோம். அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

"பழக்கம்" என்றான், மெதுவாக.

"மாத்துச் சாவி?" என்றான் கோல்பி.

"பத்திரமா வெச்சிருக்கேன்."

"எங்க?"

"உள்ள."

ஆபத்துக்கு உதவும் என்று நாங்கள் பத்துக்கு ஒன்பது போட்ட அத்தனையும் உள்ளே இருந்தது. முதலுதவிப் பை, தண்ணீர்ப் பெட்டி, கைபேசிகள், கார் கண்ணாடி உடைப்பதற்கென்றே செய்த இரண்டு கருவிகள், ஐந்து கத்திகள். எங்கள் கையில் இருந்தது ஒரு கத்தியும் ஒரு துப்பாக்கியும். டிரக்கின் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. கண்ணாடிக்கு உள்ளே ப்ரின்லி கார்ட்டூனிலிருந்து தலையைத் தூக்கி எங்களுக்குக் கை அசைத்தாள். முகம் தக்காளிச் சிவப்பு. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"பயப்படாதீங்க. இதுக்குத்தான் தயாரா இருக்கோம்" என்றான் ராய்ஸ். அவன் குரலே அதை நம்பவில்லை.

கழுகு நகத்தின் அடியில் கண்ணாடி உடைக்க ஒரு கூர்முனை உண்டு. அதை ஓங்கி முன்ஜன்னலில் குத்தினான். கண்ணாடி முழுக்க வெள்ளையாகச் சிலந்தி வலை விரிந்தது. விழவில்லை. மறுபடி குத்தினான். இன்னும் வெள்ளையாயிற்று. பாதுகாப்புத் தாள் ஒரு நூல்கூட அசையவில்லை.

"ஒன்பதரை" என்று கோல்பி வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. கிண்டல் இல்லை, பாவம், பழக்கம்.

ராய்ஸ் கத்தியின் வாயைக் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பொத்தானை அமுக்கினான். துளைத்துக்கொண்டு பாயும் என்று நினைத்தான். இந்த வகைக் கத்தி வெறும் காற்றில்தான் வீரம் காட்டும். எதிரே எதுவும் தடுத்தால் உள்ளே இருக்கும் வில் கைவிட்டுவிடும். பாதி வெளியே வந்த அலகு, தண்டவாளம் தவறி, கொளகொளவென்று ஆடியது. மாடு நாக்கைத் தொங்கப் போட்டது போல. ராய்ஸ் அதை இழுத்துச் சரியாக்கப் பார்த்தான். சந்துக்குள் மணல். அலகு உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை, அவன் பெருவிரலை மட்டும் சுத்தமாக வெட்டியது. இதுவரை நாங்கள் இந்த வகைக் கத்தியால் வெட்டியவற்றில் அட்டை இல்லாத முதல் பொருள்.

ப்ரின்லி அழ ஆரம்பித்தாள். சத்தம் வெளியே வரவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது.

துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துப் பின்கட்டையால் அடித்தான். எடை குறைவு என்று நாங்கள் புகழ்ந்த பிளாஸ்டிக் கட்டை மூட்டோடு முறிந்து விழுந்தது. அப்போது அவன் முகத்தில் ஏதோ மாறியது. துப்பாக்கியை நேராகப் பிடித்தான்.

"தள்ளுங்க. பூட்டச் சுடறேன். சாய்வா, குழந்தை மேல படாம."

நான் கதவை மறைத்து நின்றேன்.

"சுடு. முதல்ல அந்தத் தர்பூசணிய நெனச்சுப் பாரு, அப்புறம் சுடு."

"மார்லா, நகரு!"

"திருடன், சுவர், தர்பூசணி. நீதானேடா சுட்ட? உன் கண்ணால பார்த்தியே!"

அவன் துப்பாக்கியை மணலில் போட்டான். கையிலிருந்து ரத்தம் முழங்கைவரை ஓடியிருந்தது. அந்த நொடியில்தான் எனக்கு என் வரி ஞாபகம் வந்தது. ஒரு கண்ணாடிக்குச் சுருள் போதவில்லை.

"பின்கண்ணாடி! சின்னக் கண்ணாடில தாள் கிடையாது!"

"எல்லா ஜன்னலும் ஒட்டியாச்சு" என்றான் ராய்ஸ். "நீதானே எழுதின? எல்லா ஜன்னலும் இரும்புச் சுவர்னு."

நான் பார்த்த மனிதர்களிலேயே எங்கள் தளத்தில் படித்ததை முழுசாக நம்பியவன் அவன் ஒருத்தன்தான். தானே மாற்றி எழுதியதை.

"நான் எழுதினத நீ வெட்டின! அது உன் வரி, என் வரி இல்ல!"

சமையலறைச் சுவரை மணலில் நிறுத்த முளைக்குச்சி அடித்த சுத்தியல் அங்கேயே கிடந்தது. சரிவில் விழுந்தும் எழுந்தும் ஓடி அதை எடுத்து வந்தேன். சரக்குத் தொட்டியில் ஏறினேன். சின்னக் கண்ணாடி வழியாக ப்ரின்லியின் உச்சந்தலை தெரிந்தது. வலப்பக்கம் இருந்தாள், கண்ணாடி நடுவில். கண்ணாடியைத் தட்டினேன். திரும்பிப் பார்த்தாள்.

"கண்ணாமூச்சி! கண்ண மூடு, கைய வெச்சு இறுக்க மூடு!"

கேட்டிருக்காது. நான் என் கண்ணை மூடிக் காட்டினேன். அவளும் மூடினாள். முதல் அடி எகிறியது. இரண்டாவதை ஓரத்தில் போட்டேன். கண்ணாடி கற்கண்டு மாதிரிக் கொட்டியது. உள்ளேயிருந்து வந்த சூடு அடுப்புக் கதவைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. இடுப்புவரை நுழைந்து, வயிற்றில் கீறல் வாங்கிக்கொண்டு, பின்கதவுப் பூட்டை எட்டித் தூக்கினேன்.

ராய்ஸ் கதவைப் பிய்த்துத் திறந்தான். ஆனால் குழந்தை நாற்காலியின் வாரை அவனால் கழற்ற முடியவில்லை. விரலெல்லாம் ரத்தம், வழுக்கியது. உள்ளே தொங்கியபடி நானே அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஒரே அழுத்து. மதிப்பெண் கேட்காமல் திறந்தது.

தண்ணீர் குடித்து, நிழலில் நனைந்த துணியோடு உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் ப்ரின்லிக்கு நிறம் திரும்பியது. மணலில் நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடந்த கழுகு நகத்தைக் காட்டினாள்.

"அப்பா கத்தி தூங்கிடுச்சா?"

"ஆமாடா கண்ணு" என்றான் ராய்ஸ். அவளைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவன்மேல் கோபமே இல்லை.

நிமிஷம் முடிந்தது. திரும்பி வரும் வழியில், தார்ச்சாலையில் ஏறியதும், அவன் தொண்டையைச் செருமினான்.

"கார்லாகிட்ட ஏசி கொஞ்சம் மக்கர் பண்ணிச்சுன்னு சொல்லிக்கலாம். கோல்பி, படம் பிடிச்சியா?"

"தோள்ல கேமரா ஓடிட்டேதான் இருந்துச்சு சீஃப்."

"நல்லது. நிஜ ஆபத்துல சோதிச்ச ஒரே சேனல் நாமதான். முதல் அடி, கழுகு நகம், கண்ணாடி வெடிக்குது. அங்க நிறுத்து. அப்புறம் குழந்தை என் கைல."

"நடுவுல?"

"நடுவுல மியூசிக் போடு." தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "மார்லா, அந்தப் பின்கண்ணாடி பெரிய ஓட்டை. சுத்தியல் வெச்சிருந்த ஒரு பொண்ணு சுலபமா உள்ள பூந்துட்டா. புதுக் கண்ணாடி போட்டதும் அதுக்கும் தாள் ஒட்டணும். இன்னொரு சுருளுக்குச் சொல்லிடு. தாளோட மதிப்பெண்ல அரை குறைச்சிடு."

வயிற்றுக் கீறல் எரிந்தது. மடியில் இருந்த சுத்தியலைப் பிடித்துக்கொண்டேன், வேறெதையும் பிடிக்காமல் இருப்பதற்காக.

"நான் எழுதின வரியத் திரும்பப் போடு" என்றேன்.

"எந்த வரி?"

"ஒரு கண்ணாடிக்குச் சுருள் போதவில்லை."

"அத எதுக்கு இப்ப? வேலை வேணுமா வேண்டாமா உனக்கு?"

அவன் வீட்டு வாசலில் இறங்கினோம். கார்லா டியூட்டி முடிந்து வந்திருந்தாள். உள்ளிருந்து ஒவ்வொன்றாக மூன்று பூட்டும் திறக்கும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி உடுப்போடே வெளியே வந்து குழந்தையை வாங்கினாள். தலையைத் தடவிய கையை வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது என்ன? சர்க்கரையா?"

"ஏசி கொஞ்சம்..." என்று ஆரம்பித்தான் ராய்ஸ்.

"அம்மா, அப்பா கத்தி தூங்கிடுச்சு" என்றாள் ப்ரின்லி. "மார்லா சுத்தியல் முழிச்சிட்டு இருந்துச்சு."

கார்லா டிரக்கைப் பார்த்தாள். முன்னால் வெள்ளை வலை, பின்னால் ஓட்டை. ராய்ஸின் விரல். என் கிழிந்த சட்டை.

"நீ சொல்லு மார்லா."

சொன்னேன். பூட்டிய கட்டைவிரலிலிருந்து தர்பூசணிவரை, நடுவில் மியூசிக் இல்லாமல். கோல்பி பேசாமல் கேமராவை அவள் பக்கம் திருப்பி ஓடவிட்டான். துப்பாக்கியை ராய்ஸ் நேராகப் பிடித்த இடம் வந்ததும் கார்லா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குழந்தையோடு உள்ளே போனாள். கதவு சாத்தியது. ஒன்று. இரண்டு. மூன்று.

மூவரும் வாசலில் நின்றோம். ராய்ஸ் மெதுவாகக் கைப்பிடியை அசைத்துப் பார்த்தான்.

"மாத்துச் சாவி?" என்றான் கோல்பி.

ராய்ஸ் பூட்டிய கதவைக் காட்டினான்.

"கார்லா, பேசலாம்" என்று கதவிடம் சொன்னான். தட்டினான். திரும்பவும் தட்டினான். உள்ளே குளியல் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தமும் ப்ரின்லியின் பாட்டும் கேட்டன. வெயில் இன்னும் இறங்கவில்லை. அவன் பார்வை என் கைக்கு வந்தது.

"அந்தச் சுத்தியலக் கொஞ்சம் குடு."

"முதல்ல வரி."

"இங்க நின்னா?"

"உன் கைபேசிலயே போடலாம். நீதானே எல்லாத்துக்கும் தயாரா இருக்கிறவன்."

அவன் என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், கைபேசியை எடுத்தான். பழைய மதிப்பீட்டைத் திறந்தான். விரலில் கட்டு இருந்ததால் ஒவ்வொரு எழுத்துக்கும் திணறினான். நான் சொல்லச் சொல்ல அடித்தான்.

"ஒரு கண்ணாடிக்குச் சுருள் போதவில்லை. முற்றுப்புள்ளி. பின்பக்கச் சிறு கண்ணாடி வெறுமையாகவே இருக்கிறது."

"வெறுமையாகவே வேணுமா? வெறுமையாகன்னு போட்டா போதாது?"

"வேணும்."

"அவ்வளவுதானே?"

"இன்னும் ஒரு வரி. அதனால்தான் குழந்தை பிழைத்தது."

அப்புறம் அடித்தான். வெளியிட்டான். நான் என் கைபேசியில் திறந்து பார்த்துக்கொண்டேன், அவனை நம்பக் கூடாது என்பதற்காக. இருந்தது.

சுத்தியலை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். கோல்பி பின்னாலேயே வந்தான். "ஏன் குடுத்த? அவன் ஜன்னல உடைச்சு உள்ள போயிடுவான்" என்றான்.

"உடைக்கட்டும்" என்றேன்.

முதல் அடி விழும் சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டாவது. கொட்டும் சத்தம் வரவில்லை. வீட்டு ஜன்னல்களுக்கும் அதே தாள்தான். அங்கே சுருள் நிறையவே இருந்தது. ஒரு கண்ணாடியும் விடாமல் அவனே நின்று ஒட்டியது.